முதல் பந்தி நிறைந்துதான் இருக்கும்: கூட்டமாகத் திரியும் மீன் எப்படி அருகிப்போகிறது?

செங்கோட்டையிலிருந்து பண்பொழி, மேக்கரை தாண்டி மலையேறினால் அச்சன்கோவில். இன்றைக்கு அது கேரளம். 1956 வரை செங்கோட்டையே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்ததால், எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது வேற்று மாநிலக் கோயிலாகத் தோன்றுவதில்லை. மார்கழித் திருவிழாவுக்குப் போனால் கடைத்தெருவில் தமிழும் மலையாளமும் சரிக்குச் சரியாகக் கேட்கும்.

அப்படிப் போன ஒரு தடவை, ஆற்றின் மேல்பக்கம் பாறைகளுக்கு நடுவே தெளிந்து கிடந்த ஒரு கசத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆற்றுப் பள்ளத்தில் தேங்கி நிற்கும் ஆழமான நீரை எங்கள் பக்கம் கசம் என்போம். மலையாளத்தில் அதுவே கயம். அதில் விரல் நீள வெள்ளி மீன்கள், மூக்கிலிருந்து ஒரு சிவப்புக் கோடு ஓட, முப்பது நாற்பது சேர்ந்து ஒரே திசையில் திரும்பித் திரும்பிப் போயின. கூட வந்த அண்ணாச்சி கேட்டார்:

“ஏ தம்பி, இந்த மீனைத்தான அழிஞ்சிக்கிட்டு வருதுன்னு பேப்பர்ல போட்டிருந்தான்? இங்க கூட்டங்கூட்டமால்லா அலையுது!”

நியாயமான கேள்வி. அன்றைக்கு நான் ஏதோ மழுப்பினேன். “அழியும் நிலையில்” என்ற சொல்லைச் செய்தியில் படிக்கிற பலருக்கும் இந்த இடத்தில்தான் குழப்பம் வருகிறது. கண்முன்னே கூட்டம் இருந்தால் அழிவு எங்கே என்று தோன்றும். கூட்டமாக வாழும் மீனில் அது அப்படி வேலை செய்வதில்லை. ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

## மீன் யார்?

வண்ணமீன் கடைகளில் இதன் பெயர் மிஸ் கேரளா. மலையாளத்தில் செங்கணியான், சோரக்கணியான் என்பார்கள் (சோர என்றால் அங்கே ரத்தம்). உடல் வெள்ளி நிறம். மூக்கிலிருந்து வால் வரை நீளமாக ஒரு கறுப்புப் பட்டை, அதற்கு மேலே மூக்கிலிருந்து கண்ணைக் கடந்து உடலின் நடுவரைக்கும் ஒரு சிவப்புக் கோடு. வால் நுனியில் மஞ்சளும் கறுப்பும். நன்றாக வளர்ந்தால் 15 சென்டிமீட்டர் வரை போகும். நாம் சாதாரணமாகப் பார்ப்பது அதைவிடச் சிறியது.

1865-இல் இதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவர் பிரான்சிஸ் டே. மாதிரி மீன் கிடைத்த இடம் கேரள மலையோர ஊரான முண்டக்கயம். அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த வில்லியம் டெனிசன் பெயரை மீனுக்கு வைத்தார். ஆளுநர் இந்த மீனைப் பார்த்தாரோ என்னவோ, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. 2013-இல் இதற்கும் இதன் நெருங்கிய உறவான சாலக்குடி ஆற்று மீனுக்கும் சேர்த்து சஹ்யாத்ரியா என்று தனிப் பேரினம் ஒதுக்கினார்கள். சஹ்யாத்ரி என்பது மேற்குத் தொடர்ச்சி மலையின் இன்னொரு பெயர்.

இந்த மலையை விட்டால் உலகில் வேறெங்கும் இந்த மீன் இயற்கையாகக் கிடையாது. இப்படி ஒரே வட்டாரத்தில் மட்டும் வாழும் உயிரை ஓரிட வாழ்வி என்கிறார்கள்.

## கூட்டம் என்றால் என்ன?

பேருந்து நிலைய டீக்கடை முன்னால் இருபது பேர் நிற்கிறார்கள். ஒருவர் பேப்பர் படிக்கிறார், ஒருவர் போனில் பேசுகிறார். சேர்ந்து நிற்கிறார்களே தவிர ஆளுக்கொரு திசையில்தான் பார்க்கிறார்கள். இப்படிச் சும்மா சேர்ந்திருக்கும் மீன்களைத் திரள் என்று வைத்துக்கொள்வோம். இப்போது அதே இருபது பேர் சாமி ஊர்வலத்தில் போகிறார்கள். ஒரே திசை, ஒரே வேகம், ஆளுக்கு ஆள் ஒரே இடைவெளி. இதை அணி என்போம். மிஸ் கேரளா நேரத்துக்கு ஏற்ப இரண்டு மாதிரியும் இருக்கும். மேயும்போது திரள், மிரண்டால் அணி.

ஊர்வலத்துக்கு முன்னால் கொடி பிடிக்க ஒருவர் இருப்பார். மீன் அணிக்கு அப்படி யாரும் கிடையாது. முன்னால் போகிற மீன்தான் தலைவன் என்று பலர் நினைக்கிறார்கள். அணி சட்டென்று திரும்பும்போது கவனித்தால், ஒரு நொடி முன்பு ஓரத்தில் இருந்தது இப்போது முன்னால் இருக்கும்.

அப்புறம் எப்படி எல்லாம் ஒன்றாகத் திரும்புகின்றன? தேரோட்டக் கூட்டத்தில் சிக்கியவர்களுக்கு இது புரியும். யாரும் கட்டளை போடுவதில்லை. பக்கத்து ஆள் மேல் இடிக்காமல் இருக்கிறோம், பக்கத்து ஆள் போகிற பக்கம் போகிறோம், தனியாக ஒதுங்கிவிடாமல் பார்த்துக்கொள்கிறோம். இந்த மூன்று விதிகளும் போதும். 1987-இல் கிரேக் ரெனால்ட்ஸ் என்ற கணினி வல்லுநர் திரையில் சில புள்ளிகளுக்கு இந்த மூன்றை மட்டும் சொல்லிக்கொடுத்தார். அவை பறவைக் கூட்டம் போலவே வளைந்து பறந்தன. கூட்டம் முழுவதையும் பார்த்து முடிவெடுக்கும் மூளை எங்கேயும் இல்லை. ஒவ்வொன்றும் அண்டை அயலாரை மட்டும் பார்க்கிறது.

பார்க்கிறது என்றா சொன்னேன்? கண் மட்டும் இல்லை. கழுத்தளவு நீரில் நிற்கும்போது முதுகுக்குப் பின்னால் ஒரு பையன் குதித்தால், திரும்பிப் பார்க்காமலே நமக்குத் தெரியும். நீர் முதுகைத் தள்ளும். மீனுக்கு இந்த உணர்வு பல மடங்கு கூர்மையானது. உடலின் இரு பக்கமும் செதில்களின் ஊடே ஒரு கோடு போலத் துளைகள் இருக்கும். அதற்குப் பக்கக்கோடு என்று பெயர். உள்ளே நுண்ணிய மயிர் போன்ற செல்கள். நீர் அசைந்தால் அவை வளையும், வளைந்தால் நரம்புக்குச் செய்தி போகும். குழம்புக்கு மீன் வாங்கும்போது கடைக்காரர் சுரண்டிப் போடுகிற செதில்களில் அந்த வரிசையில் மட்டும் சின்ன ஓட்டை இருக்கும், பாருங்கள். 1976-இல் ஒரு சோதனையில் கண் மறைக்கப்பட்ட மீன்கூட அணியில் சேர்ந்து நீந்தியது. பக்கக்கோடு இருந்தால் கண் இல்லாமலும் சமாளிக்க முடிகிறது என்று அதில் தெரிந்தது.

இவ்வளவு சிரமப்பட்டு ஏன் சேர்ந்திருக்க வேண்டும்? மூன்று பையன்கள் ஒரே நேரத்தில் மூன்று பந்தை உங்கள்மேல் எறிந்தால் ஒன்றையும் பிடிக்க மாட்டீர்கள். கண் மூன்றுக்கும் நடுவே தடுமாறும். விரால் மாதிரி ஒரு வேட்டை மீனுக்கும் இதே தடுமாற்றம்தான். தவிர, நாற்பதில் ஒன்றாக இருந்தால் வாய்க்குள் போவது நானாக இருக்க நாற்பதில் ஒரு பங்கு வாய்ப்புதான். சுயநலம்தான், ஆனால் கணக்கு சரி.

சுருக்கமாக: கூட்டத்துக்குத் தலைமை கிடையாது. ஒவ்வொரு மீனும் பக்கத்து மீனை ஒட்டியே நடக்கிறது. எனவே எத்தனை மீன் மிச்சமிருந்தாலும், இருப்பவை ஒன்றோடொன்று சேரத்தான் செய்யும்.

## ஆறும் ஒரு தீவுதான்

செங்கோட்டைக்கு மேலே மலை முகட்டில் இரண்டு மழைத்துளி விழுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு முழம் இடைவெளியில். ஒன்று கிழக்கே உருண்டு சிற்றாறு, தாமிரபரணி என்று போய் மன்னார் வளைகுடாவில் சேரும். இன்னொன்று மேற்கே அச்சன்கோவில் ஆற்றில் இறங்கிப் பம்பையோடு கலந்து அரபிக்கடல் பக்கம் போகும். துளிகள் பிரிந்தது போலத்தான் மீன்களும். இந்த முகட்டை மீன் ஏறித் தாண்ட முடியாது. கீழே கடலோரம் வரைக்கும் போய் அடுத்த ஆற்றில் ஏறலாமே என்றால், உப்பு நீர் ஒத்துக்கொள்ளாது. குளிர்ந்த, வேகமாக ஓடும், ஆக்ஸிஜன் நிறைந்த மலை நீரில் பழகிய மீன் சமவெளிக் கலங்கலில் தாக்குப் பிடிக்காது.

கேரளத்தின் 44 ஆறுகளில் 41 மேற்கு நோக்கி ஓடுகின்றன. வரைபடத்தில் சீப்புப் பற்கள் மாதிரி அருகருகே தெரியும். மலையோர மீனுக்கு ஒவ்வொரு பல்லும் தனித் தீவு. மிஸ் கேரளா பதிவான ஆறுகள் அந்த நாற்பத்தொன்றில் கொஞ்சம்தான்: அச்சன்கோவில், சாலியாறு, வளபட்டணம் ஆற்றின் கிளையான சீங்கண்ணிப்புழா, முண்டக்கயம் வட்டாரம், வடக்கே சந்திரகிரி என்று விட்டுவிட்டு இருக்கிறது. அந்த ஆறுகளிலும் மேல்பகுதியில், மரநிழல் கவிந்த பாறைக் கசங்களில் மட்டும்தான். வெவ்வேறு ஆற்று மீன்களின் மரபணுவை ஒப்பிட்டபோது, ஒன்றுபோலத் தெரிபவை உள்ளுக்குள் வெகுகாலமாகப் பிரிந்தே இருப்பவை என்று தெரிந்தது. அதாவது ஓர் ஆற்றில் தீர்ந்துபோனால், இன்னோர் ஆற்றிலிருந்து பிடித்து விட்டுச் சரிக்கட்டிவிட முடியாது.

கிழக்குப் பக்கம் தாமிரபரணிக்கும் இப்படிச் சொந்தமாக ஒரு சிறு மீன் உண்டு, ஆற்றின் பெயரையே தாங்கியது. அதுவும் அருகிய பட்டியலில்தான் இருக்கிறது. அதைப் பற்றி நம் பக்கத்தில் பேச்சே இல்லை என்பது எனக்கு ஒரு வருத்தம்.

## சிவப்புப் பட்டியல் எதை எண்ணுகிறது?

ஐயூசிஎன் என்று சுருக்கமாக அழைக்கப்படும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் உலக உயிரினங்களின் நிலையைத் தரம் பிரித்துச் சிவப்புப் பட்டியல் வெளியிடுகிறது. அதில் மிஸ் கேரளா இருக்கும் படி “அருகிய இனம்”. அதற்குக் கீழே இன்னும் மோசமான படி “மிகவும் அருகியது”. அப்புறம் இயற்கையில் அழிந்தது, கடைசியாக முற்றும் அழிந்தது. “அருகிய” என்பதை “அழிந்துபோன” என்று படித்துவிட்டு, “நான் நேத்துதான பார்த்தேன்” என்று சிலர் சண்டைக்கு வருகிறார்கள். சண்டை தேவையில்லை. இன்னும் இருக்கிறது என்பதால்தான் அந்தப் படியில் வைத்திருக்கிறார்கள்.

அந்தப் படியில் வைக்கப் பல வழிகள் உண்டு. இந்த மாதிரி மீன்களுக்குப் பயன்படுவது இடத்தை அளக்கும் வழி. வரைபடத்தின் மேல் இரண்டு கிலோமீட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் கட்டங்கள் போடுங்கள், கணக்கு நோட்டுப் போல. எந்தக் கட்டத்தில் மீன் இருக்கிறதோ அதற்கு வண்ணம் அடியுங்கள். வண்ணம் அடித்த பரப்பு 500 சதுர கிலோமீட்டருக்குள் அடங்கினால், அதாவது 125 கட்டத்துக்குக் கீழே என்றால், அபாய மணி. ஆனால் அது மட்டும் போதாது. அந்தக் கட்டங்கள் துண்டு துண்டாக இருக்கின்றனவா, நிலைமை தொடர்ந்து மோசமாகிக்கொண்டிருக்கிறதா என்பது போன்ற கேள்விகளுக்கும் ஆம் என்று விடை வர வேண்டும். கேரளத்தின் பரப்பு 38,863 சதுர கிலோமீட்டர். 500 என்பது அதில் எத்தனை சிறிய துண்டு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வழியில் ஒரு கசத்தில் எத்தனை மீன் என்று யாரும் எண்ணுவதே இல்லை. அண்ணாச்சி பார்த்தது கட்டத்துக்குள் இருந்த கூட்டத்தை. பட்டியல் பார்ப்பது எத்தனை கட்டம் மிச்சம் என்பதை.

## முதல் பந்தி

எனக்கு இந்த விஷயம் உறைத்தது ஓர் அன்னதானப் பந்தலில்.

பந்தலில் ஒரு பந்திக்கு நூறு இலை. திருவிழா களைகட்டிய வருடம் ஆயிரம் பேர் வந்தால் பத்துப் பந்தி ஓடும். கூட்டம் குறைந்த வருடம் முந்நூறு பேர் வந்தால் மூன்று பந்தியில் முடியும். ஆனால் முதல் பந்தியை மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறவருக்கு இரண்டு வருடமும் ஒரே மாதிரிதான் தெரியும். நூறு இலையும் நிறைந்திருக்கும். “கூட்டம் எங்க குறைஞ்சது? இடமே இல்ல!” என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் நின்ற இடம் அப்படி.

கூட்ட மீனும் அதேதான். ஆறு முழுக்க மீன் இருந்த காலத்தில் நல்ல கசம், சுமாரான கசம், ஓடைமுனை என்று எல்லா இடத்திலும் இருந்திருக்கும். எண்ணிக்கை குறையக் குறைய, முதலில் காலியாவது சுமாரான இடங்கள். மிச்சமிருப்பவை ஒன்றையொன்று தேடி நல்ல கசத்தில் சேர்ந்துவிடும். வலை போடுகிறவன் எந்தக் கசத்துக்குப் போவான்? எப்போதும் கிடைக்கிற அந்த நல்ல கசத்துக்குத்தான். அங்கே வலை நிறையும். மீன்வளத் துறையினர் இதை ஹைப்பர்ஸ்டெபிலிட்டி என்கிறார்கள். நாம் “போலி நிறைவு” என்று வைத்துக்கொள்ளலாம்: மொத்தம் சரிந்துகொண்டே போனாலும், பிடிபடும் அளவு கடைசிவரை சரியாமல் நிற்பது.

இதன் பெரிய அளவு உதாரணம் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடல். காட் மீன் குறைந்துகொண்டே போன காலத்திலும், மிச்சம் கூடிய இடங்களில் இழுவைப் படகுகளுக்கு வலை நிறையத்தான் செய்தது. 1992 ஜூலையில் அரசு மீன்பிடியையே நிறுத்த வேண்டிய நிலை வந்தது. சுமார் முப்பதாயிரம் பேருக்கு வேலை போனது. முதல் பந்தியை நம்பியதன் விலை.

இன்னொரு கொடுமையும் உண்டு. வேட்டை மீனிடமிருந்து தப்ப உதவிய அதே பழக்கம் வலைக்கு வசதி. மிரட்டினால் சிதறி ஓடாமல் நெருங்கிச் சேர்வது, தனித்தனியாகக் கவ்வுகிற வாயைக் குழப்பும். சுற்றி வளைக்கிற வலைக்கு அது பரிசு. லட்சம் வருடப் பழக்கம் நைலான் நூலை எதிர்பார்த்து உருவானதில்லை.

1997-இல் சிங்கப்பூரில் நடந்த அக்வராமா வண்ணமீன் கண்காட்சியில் புதிய இனங்கள் பிரிவில் இந்த மீன் மூன்றாம் பரிசு வாங்கியது. அதன் பிறகு வெளிநாட்டுத் தொட்டிகளில் இதற்குக் கிராக்கி ஏறியது. 2005 முதல் 2012 வரை இந்தியாவிலிருந்து ஏற்றுமதியான அருகும் நிலையிலுள்ள நன்னீர் மீன்கள் பதினைந்து லட்சத்துக்கு மேல் என்று ஓர் ஆய்வு சொல்கிறது. அதில் மிஸ் கேரளாவும் அதன் சாலக்குடி உறவும் சேர்ந்து மூன்று லட்சத்துக்கு மேல். இதோடு தடுப்பணை, மணல் அள்ளுதல், தோட்டங்களிலிருந்து வடியும் பூச்சிமருந்து, தோட்டா போட்டு மீன் பிடிப்பது எல்லாம் சேர்ந்துகொண்டன.

இதுவரை: பட்டியல் இடத்தைக் கணக்கிடுகிறது. நம் கண் கூட்டத்தைக் கணக்கிடுகிறது. இடம் சுருங்கும்போதும் கூட்டம் கலையாது. அதனால்தான் இரண்டும் எதிரெதிராகப் பேசுவது போலத் தோன்றுகிறது.

## சீட்டு உடைகிற கதை

இன்னும் ஒரு படி இருக்கிறது, கொஞ்சம்தான்.

இருபது பேர் சேர்ந்து சீட்டுப் போடுகிறார்கள். இரண்டு பேர் விலகினால் சமாளிக்கலாம். எட்டுப் பேர் விலகினால் மிச்சம் பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு பங்கு நன்மை கிடைக்குமா? கிடைக்காது. சீட்டே உடைந்துவிடும். கூட்டமாக வாழும் உயிர்களுக்கும் இப்படி ஒரு கீழ் எல்லை உண்டு. அதற்குக் கீழே போனால் குறைவே மேலும் குறைவை உண்டாக்கும். ஜோடி கிடைக்காது, எதிரியைக் குழப்பக் கூட்டம் பத்தாது. இதை ஆலி விளைவு என்கிறார்கள், அமெரிக்க விலங்கியலாளர் டபிள்யூ. சி. ஆலியின் பெயரால். 1932-இல் அவர் தங்கமீன்களை வெள்ளித் துகள் கலந்த நச்சு நீரில் விட்டுப் பார்த்தார். தனியாக விட்டது சீக்கிரம் செத்தது. கூட்டமாக விட்டவை அதிக நேரம் தாங்கின. பல மீன்களின் உடல் வழுவழுப்பு சேர்ந்து நச்சைப் படிய வைத்துவிட்டதே காரணம்.

ஆகவே நாற்பது மீன் நிற்கிற கசத்தில் இருபதைப் பிடித்தால் மிச்சம் இருபது என்ற கணக்கு எப்போதும் சரியாக வராது.

## ஜூன் மாதத் தடையும் கடைத் தொட்டியும்

கேரள மீன்வளத் துறை 2008-இல் இந்த மீனைப் பிடிப்பதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஜூன், ஜூலை, அக்டோபர் மாதங்களில் பிடிக்கக் கூடாது என்றார்கள். நல்ல எண்ணம்தான். பின்னால் இனப்பெருக்கத்தை ஆராய்ந்தவர்கள் பார்த்தால், மீன் முட்டையிடும் பருவம் அக்டோபரிலிருந்து மார்ச் வரை. ஆக மூன்று தடை மாதங்களில் ஒன்றுதான் பொருந்தியது. ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழையில் ஆறு புரண்டு வரும்போது, சட்டம் இல்லாவிட்டாலும் யார் இறங்கப் போகிறான்? மழை ஓய்ந்து நீர் தெளிகிற காலத்தில் மீனும் முட்டையிட வருகிறது, வலையும் வருகிறது. நாம் மாலை போட்டு மலைக்குப் போகிற மார்கழியும் அந்தப் பருவத்தில்தான்.

“பண்ணையில வளர்க்கிறாங்களே, அப்புறம் என்ன?” என்று அடுத்த கேள்வி வரும். வளர்க்கிறார்கள், உண்மை. ஹார்மோன் ஊசி போட்டு முட்டையிட வைத்து, தென்கிழக்கு ஆசியப் பண்ணைகளிலிருந்து நிறைய வருகிறது. ஆற்றின் மேல் உள்ள சுமை அதனால் குறையும், அது நல்லது. ஆனால் தொட்டியில் இருப்பதை ஆற்றில் இருப்பதாக எண்ணக் கூடாது. சிவப்பு வால் கறுப்புச் சுறா என்று ஒரு மீன் எந்த வண்ணமீன் கடையிலும் மலிவாகக் கிடைக்கும். அதன் சொந்த ஊரான தாய்லாந்து ஆறுகளில் அது மிகவும் அருகிய படியில் நிற்கிறது. கடையில் வாங்குகிறவர்கள் பண்ணை மீனா, ஆற்று மீனா என்று ஒரு வார்த்தை கேட்கலாம். வளர்த்து அலுத்துப்போனால் அருகில் உள்ள ஓடையில் கொண்டுபோய் விடுவது புண்ணியம் இல்லை. 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரள ஆறுகளில் தென் அமெரிக்க அரபைமா மீன் வலையில் சிக்கியது வளர்ப்பிடங்களிலிருந்து தப்பியதால்தான்.

அண்ணாச்சிக்கு இதையெல்லாம் போன மாதம் டீக்கடையில் வைத்துச் சொன்னேன். பந்திக் கணக்கு அவருக்கு உடனே பிடித்துவிட்டது, வருடா வருடம் இலை போடுகிற ஆள் அல்லவா. ஆலியும் தங்கமீனும் காதில் ஏறவில்லை. கடைசியாக ஒன்று கேட்டார்:

“சரி, அந்தக் கசத்துக்குக் கீழ இன்னும் நாலஞ்சு கசம் கிடக்கே, அதுல எட்டிப் பாத்தியா?”

பார்க்கவில்லை. வருகிற மார்கழியில் பார்க்க வேண்டும்.